நிறுத்திய காருக்குள் மருந்து

மருந்துக் கடைக்காரனின் வேலையில் பாதி, வெப்பத்தைக் காவல் காப்பதுதான். வாங்க வருகிறவர் விலையைப் பார்ப்பார், எக்ஸ்பைரியைப் பார்ப்பார். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைக்கவும்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும் வரியைப் பார்ப்பவர் மிகக் குறைவு. என் கடை இருப்பது வேலூரில். மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் ஊர். கோடையில் ‘வெயில் சதம் அடித்த ஊர்கள்’ என்று செய்தித்தாளில் வரும் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் தவறுவதில்லை. அந்தச் சதம் ஃபாரன்ஹீட் கணக்கு; மருந்து அட்டையில் இருப்பது செல்சியஸ் கணக்கு. அட்டை கேட்கும் 30 டிகிரி, செய்தித்தாள் கணக்கில் 86. வேலூரில் வருடத்தின் பெரும்பகுதி, பகலில் நிழலிலேயே அது தாண்டிவிடும். ‘இன்று 104’ என்று செய்தி வந்தால் 40 டிகிரி என்று பொருள். மருந்துகளின் தரத்தை வகுக்கும் இந்தியன் பார்மகோபியா, 40-க்கு மேல் போனாலே அதை மிகை வெப்பம் என்று தனி வகையில் சேர்த்துவிடுகிறது.

கடைக்குள் இருக்கும்வரை மருந்துக்குப் பாதுகாப்பு உண்டு. இன்சுலினும் தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், வெளியே ஒரு நோட்டு. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருக்கும் பழக்கம். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் ஃபிரிட்ஜைத்தான் திறந்து பார்ப்பார். பணம் கொடுத்து வாங்கிய மருந்து கடைப் படியைத் தாண்டியதும் இந்தக் காவல் எல்லாம் முடிந்துவிடுகிறது. அது போய்ச் சேரும் இடங்களில் மருந்துக்கு மிகவும் ஆகாத இடம் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: வெயிலில் நிறுத்திய கார்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மருந்தை வண்டியிலேயே வைத்துவிடுகிறவர்கள் பொறுப்பான மனிதர்கள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தால் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும், பாப்பாவுக்கு இழுப்பு வந்தால் பம்ப் வேண்டும் என்று முன்யோசனையோடு செய்கிறார்கள். அந்த நல்ல எண்ணத்தை வெயில் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அமெரிக்காவில் எங்கள் ஊரைப் போலவே வறண்டு காயும் மாநிலம் அரிசோனா. அங்கே டெம்பி நகரில் கார்களை நிறுத்திவைத்து அளந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வெளியே 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ். இருக்கை 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டின் மேல்பரப்பு 69. நிழலில் நிறுத்திய காரிலும் உள்காற்று 38, டேஷ்போர்டு 48. 2005-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது என்றும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை என்றும் காட்டியது. ‘பத்து நிமிஷத்துல வந்துடுவேன்’ என்று சாப்பாட்டுக் கடைக்குள் போய் முக்கால் மணி கழித்து வருகிற நம் பழக்கத்துக்கு இந்த எண்கள் போதுமான பதில்.

கடைக்கு வரும் டூரிஸ்ட் வண்டி ஓட்டுநர்களிடம் இதைச் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “ஏசி போட்டுத்தாண்ணா வந்தோம், வண்டிக்குள்ள ஜில்லுனுதான இருந்துச்சு.” ஓடும்போது ஜில்லென்றுதான் இருக்கும். ஏசியை அணைத்து, கதவைப் பூட்டி, ஆட்கள் இறங்கிப் போன பிறகு உள்ளே என்ன ஆனது என்று பார்க்க யாரும் இருப்பதில்லை. அவர்கள் திரும்பி வந்து ஏசியைப் போட்டதும் காற்று குளிர்ந்துவிடும். நடுவில் மருந்து பட்ட சூடு மட்டும் மருந்திலேயே தங்கிவிடும். இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கியமான பாடம் இது: சூட்டினால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும்; பிறகு குளிர வைத்தாலும் திரும்பாது. வேதி மாற்றங்களுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், சிலவற்றில் அதற்கும் மேல். அட்டையில் அச்சிட்ட எக்ஸ்பைரி தேதி, சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால் மட்டும் செல்லும் தேதி. காரிலேயே கோடையைக் கழித்த மருந்துக்கு அந்தத் தேதி பொருந்தாது.

இன்சுலினில் இது உயிர்ப் பிரச்சினை. என் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனார். அலிபிரியில் காரை விட்டுவிட்டு நடந்தே மலை ஏறுவதாக வேண்டுதல். இன்சுலின் பேனா இருந்த பை காரிலேயே இருந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகு வழக்கமான அளவு ஊசி போட்டும் சுகர் 300-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் லட்டுமீது பழி போட்டார்கள். கடைக்கு வந்தபோது பேனாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து தெளிவாகத்தான் இருந்தது. “மலை ஏறும்போது இது எங்க சார் இருந்துச்சு?” என்று கேட்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. டாக்டரிடம் பேசச் சொல்லி, புது கார்ட்ரிட்ஜ் மாற்றிய பிறகு சர்க்கரை வழிக்கு வந்தது.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சரங்களாகக் கோத்து, குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருப்பது. அந்த மடிப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். சூட்டில் மடிப்பு அவிழ்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெந்த முட்டையை ஐஸில் வைத்தாலும் பச்சை முட்டையாகாது; கெட்ட இன்சுலினும் அப்படித்தான். கலங்கலாக இருக்கும் வகையில் திரிதிரியாகக் கட்டி தெரிந்தால் கெட்டது என்று கண்டுபிடிக்கலாம். தெளிவான வகையில் பல நேரம் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அதற்காக ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பயந்துவிட வேண்டாம். கென்யாவில் உள்ள தடாப் அகதி முகாமின் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்த இன்சுலின் வீரியம் குறையாமல் இருந்தது என்று அது காட்டியது. உபயோகத்தில் இருக்கும் பேனாவை நிழலான அறையில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பல இன்சுலின் பெட்டிகளிலும் இருக்கும்; வகைக்கு வகை நாள் மாறும் என்பதால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரத் துணி சுற்றிய மண்பானை கிராமத்து வீடுகளில் இன்றும் நன்றாகவே உதவுகிறது. வீட்டுச் சூட்டை இன்சுலின் தாங்கும். 50-க்கும் 69-க்கும் ஏறும் கார்ச் சூட்டைத் தாங்காது.

அடுத்து, இழுப்புக்கு எடுக்கும் பம்ப். இன்ஹேலரின் உலோகக் குப்பி அழுத்தத்தில் அடைத்த ஒன்று. 50 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்காதே, துளையிடாதே என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும், குப்பி வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் ஒவ்வோர் அழுத்தலுக்கும் வரவேண்டிய மருந்தின் அளவு மாறிப்போகலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்த அளவுதான் முக்கியம். தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நம்பத் தகுந்த சோதனை அல்ல. வால்வு அடைத்துக்கொள்ளவும் கூடும். எத்தனை முறை அடித்தோம் என்ற கணக்குதான் சரியான வழி. எண் காட்டும் குப்பி என்றால் அதுவே சொல்லிவிடும். கிரிக்கெட் ஆடும் பையன்கள் வண்டியில் போட்டு வைக்கும் வலி நிவாரண ஸ்ப்ரேக்கும் இதே 50 டிகிரி எச்சரிக்கை உண்டு.

நெஞ்சு வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் மூன்றாவது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளில் நைட்ரோகிளிசரின் ஆவியாகும் தன்மை உடையது. அதனால்தான் அதை இறுக மூடிய நிறக் கண்ணாடிப் புட்டியில் தருவார்கள். அதை வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. நம் ஊரில் அதிகம் புழங்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் இதைவிட உறுதியானது என்றாலும், அதற்கும் நிழலும் மிதமான வெப்பமும் வேண்டும். ஆஸ்பிரினில் மட்டும் மூக்கே சோதனைச் சாலை. சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். அசிட்டிக் அமிலம்தான் வினிகரின் புளிப்புக்குக் காரணம். அட்டையைப் பிரித்ததும் வினிகர் வாடை வந்தால் அந்த மாத்திரை கெட்டுவிட்டது. டேஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்து வரும் அட்டைகளைப் பிரித்து வாடிக்கையாளரையே முகர்ந்து பார்க்கச் சொல்வேன். எத்தனை எச்சரிக்கை வாசகத்தையும்விட அந்த வாடை ஆழமாகப் பதிகிறது.

குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்காக ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, உடல் சூட்டிலேயே உருகும்படி செய்யப்பட்டது. 37 டிகிரியில் உருக வேண்டியது 47 டிகிரிக் காரில் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளுக்கும் பொதுவாக 30 டிகிரிதான் எல்லை. கெட்ட ஸ்ட்ரிப் தவறான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஊசி போட்டால் ஆபத்து.

எங்கள் தெருவில் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வயதான டாக்டர் ஒருவர் இருந்தார். கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஆம்பூலை என் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர்தான். நல்ல அட்ரினலின் தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கும். வெளிச்சத்திலும் சூட்டிலும் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு பழுப்பாகும். நிறம் மாறினால் போடவே கூடாது. மாறாமலே வீரியம் குறைந்திருக்கவும் கூடும். எவ்வளவு சின்ன வேலைக்குப் போனாலும் அவர் தோல் பையைக் காரில் விட்டதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அது அவர் காலடியில் இருக்கும். “பை என்னோட வரும். வண்டி டிரைவரோட இருக்கட்டும்” என்பார். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுரைதான். சூட்டில் கெடும் மருந்து வண்டியோடு இருக்கக் கூடாது. ஆளோடு போக வேண்டும்.

இதைச் செயலாக்க, குடும்பங்களுக்கு நான் இரண்டு தனித் தொகுப்புகளாகப் பிரித்துக் கட்டித் தருகிறேன். ஒன்று, காரிலேயே இருக்கும் பெட்டி. அதில் வெயில் தொட முடியாத பொருட்கள் மட்டும்: பஞ்சு, காஸ் துணி, சுருள் பேண்டேஜ், முக்கோணத் துணி, கத்தரிக்கோல், சேஃப்டி பின், விசில், எண்கள் எழுதிய ஒரு காகிதம். சுகர் திடீரென்று இறங்கினால் கொடுக்கச் சாக்லேட் வேண்டாம், உருகிவிடும். இறுக மூடிய டப்பாவில் கல்கண்டோ குளுக்கோஸ் தூளோ போதும். எறும்பு மட்டும் வரக் கூடாது. ஒட்டும் பிளாஸ்டரின் பசையும் ரப்பர் கையுறையும் சூட்டில் கெடும் என்பதால், கோடைக்கு முன்னும் பின்னும் அவற்றை மாற்றிவிட வேண்டும். கை கழுவும் சானிடைசர் காரில் தானாகத் தீப்பிடித்துவிடும் என்ற வதந்தியை நம்ப வேண்டாம். அதிலுள்ள எத்தனால் தானாகப் பற்ற 360 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் சூட்டில் கிளம்பும் அதன் ஆவி, பக்கத்தில் தீக்குச்சி உரசினால் பற்றும். பவர் பேங்கை வண்டியில் விடவே கூடாது. தண்ணீர் கட்டாயம் வேண்டும், முடிந்தால் ஸ்டீல் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைப் பற்றி அரிசோனாவிலேயே 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, தொடர்ந்து 65 டிகிரியில் வைத்தால் தண்ணீரில் கலக்கும் ஆண்டிமனி அமெரிக்க வரம்பைத் தாண்டச் சுமார் 38 நாள் ஆகும். பீதி தேவையில்லை, அடிக்கடி மாற்றினால் போதும்.

இந்தப் பெட்டியில் கவலையில்லாமல் வைக்கும் இன்னொன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது இப்படித் தாங்குவதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. முதலில் வந்த ஓ.ஆர்.எஸ்.ஸில் சோடியம் பைகார்பனேட் இருந்தது. வெப்ப நாடுகளின் சூட்டிலும் ஈரத்திலும் அது குளுக்கோஸோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும். 1984-இல் அதற்குப் பதில் சிட்ரேட்டைச் சேர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது; பொட்டலம் உறுதியானது. நம் நாட்டில் பாம்புக்கடிக்குத் தரும் விஷமுறிவு மருந்தும் இப்படித்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிரான அந்த மருந்தை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி விடுகிறார்கள். அதனால் ஃபிரிட்ஜ் சரியாக ஓடாத ஊர் ஆஸ்பத்திரியிலும் அது நிலைக்கிறது. மருந்தைச் செய்கிறவர்கள் மனம் வைத்தால் வெயிலுக்கு ஏற்ற மருந்தைச் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று.

இரண்டாவது, ஆளோடு போகும் கைப்பை. இன்சுலின், இன்ஹேலர், நெஞ்சு வலி மாத்திரை, ஸ்ட்ரிப், வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மருந்து என்று டாக்டர் எழுதியவை எல்லாம் இதில். வண்டி ஓடும்போது இதைப் பின்கண்ணாடி ஓரத்திலோ டேஷ்போர்டு மேலோ வைக்காமல் கீழே, இருக்கைக்கு அடியில் வெயில் படாத பக்கம் வைக்க வேண்டும். இறங்கினால் கூடவே எடுக்க வேண்டும். டிக்கியில் கண்ணாடி வழியாக வெயில் விழாது என்றாலும் அதுவும் சூடேறும் இடம்தான். அங்கே பையை நம்பி விடக் கூடாது.

தூரப் பயணத்துக்கு இன்சுலின் கொண்டுபோகும் முறையைக் கிராம சுகாதார செவிலியர்களிடமிருந்து கற்றேன். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு அவர்கள் வைப்பதில்லை. அது வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே காத்திருப்பார்கள். கல்லாய் உறைந்த ஐஸ், பக்கத்தில் இருக்கும் மருந்தையும் உறைய வைத்துவிடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். அதனால் வாய் அகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ், மேலே மடித்த துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையில் இன்சுலின் என்று அடுக்கச் சொல்கிறேன். நீரில் நனைத்துக் காற்றாட வைக்கும் துணிப்பை எங்கள் ஊர் வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. மூடிய காருக்குள் ஈரம் உலர வழியில்லாததால் அங்கே அதை நம்ப முடியாது.

ஏற்கெனவே காரில் கோடையைக் கழித்த மருந்து வீட்டில் இருக்கிறதா? அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கி வையுங்கள். மூச்சுத் திணறும் நேரத்தில் கையில் இருப்பது அந்த ஒரு பம்ப் மட்டும்தான் என்றால், தயங்காமல் அதையே ஆற வைத்துப் பயன்படுத்துங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பழுதான மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தை இழப்பதுதான் பெரிய ஆபத்து.

மருந்துக் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கின்றன. பட்ட சூடெல்லாம் சேரச் சேரச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் குறி அது. அதே குறியை இன்சுலின் பேனாவுக்கும் அட்ரினலினுக்கும் கொண்டுவர வேண்டும். கூடவே, சேமிக்கும் வெப்பநிலையைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும்.

அதுவரை அந்தக் குறியின் வேலையைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் நாங்கள்தான் செய்ய வேண்டும். ‘சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா’ என்று சொல்லித் தருவதோடு ‘இதைக் காரில் வைக்காதீங்க, உங்க கூடவே வெச்சுக்குங்க’ என்ற வரியையும் சேர்த்துச் சொன்னால் போதும். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான்: இன்சுலினோ இன்ஹேலரோ வாங்குகிற ஒருவரையும் இந்த வரியைச் சொல்லாமல் படியிறங்க விடாதீர்கள்.